நோவைத் தொடாத ஊசி

போன மாதம் பாலையூற்றில் உள்ள என் வீட்டுக்கு வசந்தி வந்திருந்தாள். தாதி வேலையிலிருந்து நான் ஓய்வு பெறுவதற்கு முன், கடைசிக் காலத்தில் சத்திரசிகிச்சைத் தியேட்டரில் என்னோடு வேலை செய்த தாதி. இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்த மயக்க மருந்து டொக்டர் ஒருவர் தங்களுக்கு வகுப்பு எடுத்ததாகச் சொன்னாள். டயஸிபாம் என்ற பழைய நித்திரை ஊசியின் இனத்தில் புது ஊசி ஒன்று வந்திருக்கிறதாம், மிடசொலம் என்று பெயராம். எங்கள் ஆஸ்பத்திரி அலுமாரிகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. தண்ணீரில் கரையுமாம், நாளத்தில் எரிவு இல்லையாம், கெதியாய் வேலை செய்து கெதியாய் விட்டும் போகுமாம்.

"பழசைவிட மறதியும் கூடவாம் மிஸி," என்றாள். "என்ன செய்தாலும் ஆளுக்கு ஒண்டும் நினைவிராதாம். எங்களுக்கு எவ்வளவு லேசு, பாருங்கோ!"

எங்களுக்கு லேசு! தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பிள்ளையை நன்றாக ஏசிவிட்டேன். பாவம், அவளுக்கு ஏன் என்று விளங்கவில்லை. அவள் போன பிறகும் என் கோபம் போகவில்லை. அது அவள் மேல் வந்த கோபமும் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆஸ்பத்திரியின் பெயரை எழுத மாட்டேன். துறைமுகத்தைச் சுற்றியுள்ள பகுதியில் இருந்த சின்ன ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

நான் கொழும்பில் பயிற்சி எடுத்து முடித்தது ஈதர் காலம். முகத்தில் துணி வைத்துச் சொட்டுச் சொட்டாய் ஊற்றுவது. வேலை முடிந்து வீட்டுக்குப் போனாலும் தலைமயிரில் அந்த மணம் நிற்கும். பிறகு நாளத்தில் ஏற்றும் மயக்க மருந்துகள் வந்தன. அறுபதுகள் முடியும் தறுவாயில் டயஸிபாம் வந்தது.

அதை எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் மயக்க மருந்து டொக்டர் அருமைநாயகம். ஒல்லியான மனுசன். சத்தமாய்க் கதைத்ததை நான் கேட்டதே இல்லை. ஆனால் ஊசியை யாராவது அவசரமாய் ஏற்றினால் கையைப் பிடித்து நிறுத்திவிடுவார். டயஸிபாம் மஞ்சள் சாயல் கொண்ட தடித்த மருந்து. தண்ணீரோடு கலந்தால் பால் போலக் கலங்கிவிடும். மெல்லிய நாளத்தில் ஏற்றினால் எரியும், பிறகு அந்த நாளம் கயிறு மாதிரித் தடித்துவிடும். அதனால் அவர் புறங்கையில் ஏற்றவே மாட்டார். முழங்கை மடிப்பில் பெரிய நாளமாய்ப் பார்த்து, மெல்ல மெல்ல ஏற்றுவார்.

ஏற்றும்போது நோயாளியோடு கதைத்துக்கொண்டே இருப்பார். வயல் செய்கிறவர் என்றால் இந்த முறை என்ன நெல் விதைத்தது என்று கேட்பார். மீன்பிடிக்கிறவர் என்றால் வலை பொத்துகிற விதத்தை விளக்கச் சொல்வார். கதை கொஞ்சம் கொஞ்சமாய்க் கொழகொழக்கும். மேல் இமை இறங்கும். "கருமணியில பாதியை இமை மூடினால் நிப்பாட்டிப் போடுங்கோ மிஸி," என்பார். "அதுக்கு மேல குடுக்கிறது மூச்சில பிடிக்கும்."

ஒரு நாள் கையில் கட்டியோடு வந்த ஒருவருக்கு டயஸிபாம் கொடுத்து, கட்டியைச் சுற்றி விறைப்பு ஊசியும் போட்டிருந்தார். விறைத்துவிட்டதா என்று பார்க்க ஊசி முனையால் தொட்டார். அரைத் தூக்கத்தில் கிடந்த மனுசன் "ஐயோ, நோகுது!" என்று கையை இழுத்தார். டொக்டர் இன்னும் கொஞ்ச விறைப்பு மருந்து போட்டு, காத்திருந்து, திரும்பவும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான், கீறுகிற டொக்டரிடம் கத்தியை எடுத்துக் கொடுக்க என்னை விட்டார். எல்லாம் முடிந்து தெளிந்த பிறகு அந்த மனுசனிடம் கேட்டார்.

"இடையில நொந்ததோ?"

"இல்லை ஐயா. ஒண்டும் தெரியேல்லை."

டொக்டர் என்னைப் பார்த்தார். "கேட்டீங்களோ? அப்ப நொந்தது. இப்ப இல்லை எண்டுறார். பொய் சொல்லேல்லை. இந்த மருந்து பயத்தைக் குறைக்கும், நித்திரையைத் தரும், நடந்ததை மனதில பதிய விடாது. நோவைத் தொடாது. நோவுக்கு வேறை மருந்து குடுக்க வேணும். எழும்பின பிறகு ஆள் சொல்லுறதை வைச்சு எங்கட வேலையை அளக்கக் கூடாது."

அவருடைய ஒழுங்கு இதுதான்: முதலில் நோவுக்குப் பெத்தடீன். அது வேலை செய்யும் வரை பொறுத்திருப்பது. அதன் பிறகு மிகக் கொஞ்சமாய் டயஸிபாம். இரண்டும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும் என்பதால், முடியும் மட்டும் தலைமாட்டுக் கதிரையில் அவரே இருப்பார். பின்னேரம் திரும்பவும் ஒரு சோர்வு வரும் என்று சொல்லி, தனியாய் வந்த ஆளை அன்றைக்கு வீட்டுக்கு விட மாட்டார்.

அவர் போய்விட்டார். அந்த நாட்களில் டொக்டர்மார் ஒவ்வொருவராய் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், அவரும் போனார். அவருடைய இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. எழுபதுகள் தொடங்கியிருந்தன.

பிறகுதான் சத்திரசிகிச்சை செய்ய டொக்டர் சபாநாதன் வந்தார். கெட்ட மனுசன் என்று நான் எழுதினால் அது பொய். நோயாளிகளை "அப்பு, ஆச்சி" என்று அன்பாய்க் கூப்பிடுவார். சனி ஞாயிறு என்று பார்க்க மாட்டார். ஆனால் மயக்க மருந்து கொடுக்க ஆளில்லை, கட்டிலுக்கு மேல் கட்டிலாய்ச் சனம். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். எலும்பு நேராக்குவது, கட்டி கீறுவது, புண் துப்புரவாக்குவது எல்லாவற்றையும் டயஸிபாமோடு மட்டும் செய்யத் தொடங்கினார். பெத்தடீன் இல்லை, விறைப்பு ஊசி போடப் பொறுமையும் இல்லை. ஆள் சொக்கினதும் தொடங்குவார்.

ஆட்கள் கத்தினார்கள். கெஞ்சினார்கள். கையைக் காலை நானும் அற்றெண்டன்மாரும் பிடித்தோம். முடிந்து கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "முடிஞ்சுதோ ஐயா? ஒண்டும் தெரியேல்லையே!" என்று கும்பிட்டார்கள். டொக்டர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். "எப்பிடி மிஸி?" என்று கேட்கிற சிரிப்பு. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு எரிகிறது.

ஊரில் அவருக்குப் பெரிய பெயர். நோகாமல் செய்கிற டொக்டர் என்று மூதூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். தயிர்ச் சட்டியும் வாழைக்குலையும் கருவாடும் அவருடைய குசினிக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆட்களுக்கு நோகிறது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அருமைநாயகம் டொக்டர் படித்த அதே பாடத்தைத்தான் அவரும் படித்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் காசிம் வந்தார். கிண்ணியாத் துறையில் இயந்திரப் படகு ஓட்டுகிறவர். எஞ்சினில் தீப்பிடித்து இரண்டு கையும் நெஞ்சும் எரிந்திருந்தன. எரிந்துகொண்டே படகைக் கரை சேர்த்துச் சனத்தை இறக்கிவிட்டுத்தான் தண்ணீரில் குதித்தாராம். கூட வந்தவர்கள் சொன்னார்கள். அவர் அதைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை.

எரிகாயத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும். துணி காயத்தோடு ஒட்டிப் பிடித்திருக்கும். சேலைன் ஊற்றி ஊற வைத்து, கிடுக்கியால் ஓரத்தில் பிடித்து உரிக்க வேண்டும். செத்த தோலை வெட்டி எடுக்க வேண்டும். ஒழுங்காய் ஊற விட்டாலே உயிர் போகிற நோ. டொக்டர் சபாநாதன் ஊற விடுவதும் இல்லை. டயஸிபாம் ஏற்றி, இமை சரிந்ததும் உரிக்கத் தொடங்குவார். அந்தப் பெரிய மனுசன் கத்துகிற சத்தம் வாட்டின் மறு பக்கம் வரை கேட்கும். நான் அவருடைய தோளை அமத்திப் பிடித்துக்கொண்டு நிற்பேன். முகம் என் முகத்துக்குக் கீழே இருக்கும். கண் என்னைத்தான் பார்க்கும்.

ஒரு மணித்தியாலம் போனதும் வாட்டில் படுத்துக்கொண்டு, துறை கடந்து வந்த மனைவி ஹலீமாவிடம் சொல்வார்: "நல்ல டொக்டர். ஒண்டும் விளங்கல்ல."

முதல் கிழமை இப்படிப் போனது. பிறகு ஒரு காலை அவருடைய கட்டிலடிக்குப் போன நான் திகைத்துப் போனேன். கட்டு மாற்றும் சாமான்களை வைத்துத் தள்ளிக்கொண்டு வரும் வண்டில் வாட்டு வாசலில் திரும்பும் சத்தம் கேட்டதுதான் தாமதம், காசிமின் கால் இரண்டும் நடுங்கத் தொடங்கின. நெற்றியில் வியர்வை. பல் கிட்டியது. படுக்கை நனைந்துபோனது. அவர் வெட்கத்தில் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்ன காசிம், காய்ச்சலோ?"

"தெரியா மிஸி. அந்த வண்டில் சத்தம் கேட்டா இப்பிடி வருது. எனக்கு அங்க ஒரு நோவும் இல்லயே. என்னத்துக்குப் பயப்படுறன்?" குரலை இறக்கினார். "மிஸி, எனக்கு மூள பிசகுதா?"

ஹலீமா பள்ளிவாசல் லெப்பையிடம் நூல் ஓதி வாங்கி வந்து கட்டியிருந்தா. கடலில் ஏதோ பிடித்துவிட்டது என்று வீட்டில் கதைத்தார்களாம். எரிகிற படகைக் கரைக்குக் கொண்டுவந்த மனுசன், தன்னைக் கோழை என்றும் பைத்தியம் என்றும் நினைத்துக்கொண்டு கிடந்தார். அவருக்கு நடந்ததை அவருடைய மனது வைத்திருக்கவில்லை. உடம்பு வைத்திருந்தது. காரணம் தெரியாத பயம் எவ்வளவு கொடியது என்று நான் அந்தக் கட்டிலடியில்தான் கண்டேன்.

அன்றைக்கே டொக்டர் சபாநாதனிடம் போனேன்.

"சேர், காசிமுக்குக் கட்டு மாத்த முதல் பெத்தடீன் குடுப்பம்."

"ஏன் மிஸி? அவர் ஏதும் முறைப்பாடு சொன்னவரோ?"

"அவருக்கு என்ன நடக்குதெண்டு தெரியாதே, சேர். எப்பிடிச் சொல்லுவார்?"

"தெரியாட்டில் நல்லதுதானே." கோபம் இல்லாமல்தான் சொன்னார். "நினைவில்லாத நோ ஒரு நோவோ மிஸி?"

"நடக்கேக்கை அவருக்கு எல்லாம் தெரியுது, சேர். அந்த நேரம் அது நோதானே. அந்த நேரத்தில அவர் எங்கை போறது?"

அவர் பேனையை மூடி வைத்தார். "பெத்தடீனையும் இதையும் சேர்த்துக் குடுத்து மூச்சு நிண்டால் ஆர் பதில் சொல்லுறது? நீங்களோ? இஞ்சை மயக்க டொக்டர் இல்லை."

அது வெறும் சாட்டு அல்ல. மூச்சு நிற்கக்கூடும்தான். அதற்காகத்தான் அருமைநாயகம் டொக்டர் கதிரை போட்டு இருந்தார். "நான் தலைமாட்டில இருந்து மூச்சுப் பார்க்கிறன், சேர். டயஸிபாமைக் குறைச்சுக் குடுப்பம். கட்டை நல்லா ஊற விடுவம்."

"ஒரு மிஸியை ஒரு ஆளுக்கு முன்னால இருத்தி வைச்சால் மற்ற ஆக்களை ஆர் பார்க்கிறது? ஒரு காலையில நான் எத்தினை பேரைப் பார்க்க வேணும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே."

அங்கேதான் உண்மை வந்தது. மூச்சைப் பற்றிய கவலையும் இருந்தது, ஆனால் நேரம்தான் பெரிய கவலை. நோயாளி மறந்துபோவதால் நேரம் மிச்சம். எங்களுடைய அவசரத்தை நோயாளியின் மறதிக்குள் ஒளித்து வைத்திருந்தோம்.

மேட்ரனிடம் போனேன். அவ எழும்பிக் கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தா. "டொக்டர்மாற்றை விசயத்துக்குள்ள நீ போகாதை, றீற்றா. ஒண்டு மட்டும் சொல்லுறன், நோயாளியிட்டை வாய் திறக்காதை. திறந்தால் உன்னை என்னால காப்பாத்த ஏலாது."

நான் வாய் திறந்தேன். அடுத்த நாள் பார்வையாளர் நேரத்தில், ஹலீமாவும் பக்கத்தில் இருக்கும்போதுதான் சொன்னேன். ஊசி போட்டபின் அவர் கத்துகிறார், நாங்கள் பிடித்து வைத்திருக்கிறோம், பிறகு மருந்து அதை மறக்க வைக்கிறது, நடுக்கம் அதனால்தான் வருகிறது, மூளையில் ஒரு பிசகும் இல்லை.

காசிம் நம்பவில்லை. "நானா? நான் கத்தினனா?" என்று ஒரு மாதிரிச் சிரித்தார். பிறகு தன்னுடைய கட்டுப்போட்ட கைகளைப் பார்த்தார். சிரிப்பு நின்றுபோனது.

ஹலீமா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தா. "நாளைக்கு நான் உள்ளுக்கு வரணும் மிஸி."

"விட மாட்டினம்."

"விடாட்டியும் வருவன்."

வந்தா. முதல் படகிலேயே துறை கடந்து வந்து, கட்டு மாற்றும் அறையின் மூலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நின்றா. டொக்டர் கையுறை போட்டுக்கொண்டு உள்ளே வந்து அவவைக் கண்டார்.

"இது ஆர்?"

"நான் இவர்ட பொஞ்சாதி."

"வெளியில நில்லுங்கோ அம்மா. இதைப் பார்க்க உங்களுக்கு ஏலாது."

"அவருக்கு ஒண்டும் விளங்காதுதானே டொக்டர்? அப்ப நான் பார்த்தா என்ன?"

அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து சேலைன் போத்தலை எடுத்தேன். வாக்குவாதப்பட நேரமில்லை என்று நினைத்தாரோ என்னவோ, ஊசியை ஏற்றினார். காசிமின் இமை சரிந்தது. கிடுக்கி துணியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தது.

அந்தக் கூக்குரலை நான் பல தடவை கேட்டிருந்தேன். ஹலீமா அன்றைக்குத்தான் கேட்டா. அழவில்லை, மயங்கவும் இல்லை. நேராய் நடந்து வந்து, டொக்டரின் கையுறை போட்ட கையை மணிக்கட்டோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தா. சுத்தமான கையுறை. அவ தொட்டவுடன் அது அசுத்தம். அந்தக் கையை வைத்து அவரால் இனிக் காயத்தைத் தொட முடியாது. அவவுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவர் கை நின்றுவிட்டது.

"அவருக்கு நினைவிருக்காது டொக்டர்," என்றா. "எனக்கு இரிக்கும்."

கட்டிலில் காசிம் முனகிக்கொண்டிருந்தார். டொக்டரின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளிறியது. கையை விடுவித்துக்கொண்டு, கையுறையைக் கழற்றி வாளிக்குள் போட்டார்.

"ஈரத் துணியால மூடி விடுங்கோ மிஸி," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

அடுத்த கட்டு மாற்றத்துக்குப் பெத்தடீன் எழுதியிருந்தார். நான் தலைமாட்டில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து காசிமின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். துணி நன்றாய் ஊறியது. உரிக்கும்போது அவர் முனகினார், முகத்தைச் சுளித்தார், அவ்வளவுதான். மூச்சு நிற்கவில்லை. நேரம் கூடத்தான் எடுத்தது. வெளியில் ஆட்கள் காத்திருந்தார்கள். எரிந்த தோலுக்காக மனுசர் கொஞ்ச நேரம் காத்திருந்தால் என்ன?

நடுக்கம் உடனே போகவில்லை. ஆனால் காசிம் அதற்குப் பிறகு வெட்கப்படவில்லை. வண்டில் சத்தம் கேட்டதும், "வருது மிஸி, பிடிச்சுக்கங்க," என்று என்னைக் கூப்பிடுவார். அவர் காயம் ஆறி வீட்டுக்குப் போன கையோடு எனக்கு இடமாற்றம் வந்தது. நோயாளிகளைக் கலவரப்படுத்தினேன் என்று காரணம் சொன்னார்கள். புது இடத்திலும் வேலை செய்தேன். அதற்காக நான் அழவில்லை.

நான் கொதிப்பது வேறு விசயத்துக்கு. போன பிறகு பழைய ஆஸ்பத்திரி அற்றெண்டன் ஒருவரைச் சந்தையில் கண்டு விசாரித்தேன். டொக்டர் பெத்தடீன் கொடுக்கிறாராம், வீட்டுக்காரர் கூட நிற்கிற ஆட்களுக்கு. தனியாய் வருகிறவர்களுக்குப் பழைய மாதிரித்தானாம். இலங்கைத்துறைப் பக்கத்திலிருந்து தன்னந்தனியாய் வந்து சேருகிற கிழவிக்கும், துறைமுகத்தில் கூலி வேலை செய்ய வந்த ஊர்பேர் தெரியாத ஆளுக்கும் கையைப் பிடிக்க ஒரு ஹலீமா இல்லையே. ஆள் பார்த்து நோ கொடுத்தார்கள். இதை எந்தப் புத்தகத்தில் படித்தார்கள்?

சில வருசம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகக் கிண்ணியாவுக்குப் போனேன். துறையில் படகுக்குக் காத்து நிற்கும்போது ஒருவர் வந்து "மிஸி!" என்றார். காசிம். கைகளில் தோல் இழுபட்டு மினுங்கியது. விரல்கள் முழுதாய் மடங்கவில்லை, ஆனால் எஞ்சின் திருத்துகிற வேலை செய்கிறாராம். ஹலீமா சுகமாம், பேரப்பிள்ளை பிறந்திருக்கிறதாம். ஆட்கள் படகில் ஏறத் தொடங்கியதும் அவர் என்னைக் கொஞ்சம் ஒதுக்கமாய்க் கூட்டிக்கொண்டு போனார்.

"மிஸி, ஒரு விசயம் கேக்கணும். அங்க நான் என்ன சொல்லிக் கத்தினன்? ஹலீமாட்ட எத்தினயோ தரம் கேட்டுட்டன். சொல்லமாட்டேங்கிறா."

"ஏன் காசிம் இப்ப அது?"

"என்ட வாயால வந்ததுதானே. எனக்குத்தானே தெரியணும்."

சொன்னேன். முதலில் உம்மாவைக் கூப்பிட்டார். பிறகு ஹலீமாவை. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் ஒரே சொல்தான்: "நான் என்ன செஞ்சன்? இனிச் செய்ய மாட்டன். இனிச் செய்ய மாட்டன்." அடி வாங்குகிற பிள்ளை மாதிரி. நாங்கள் எதற்கோ தண்டிக்கிறோம் என்று நினைத்திருக்கிறார்.

காசிம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். படகுக்காரர் கூப்பிட்டார். நான் போகவில்லை.

"எத்தின பேர் மிஸி?" என்று கேட்டார். "என்னப்போல எத்தின பேர்?"

ஒருவருக்கும் தெரியாது. கேட்டுப் பார்க்கவும் வழியில்லை. அந்தக் கட்டிலில் கிடந்து கத்தியவர்களில் யாரையாவது வழியில் கண்டு விசாரித்தால், அவர்கள் டொக்டர் சபாநாதனின் பெயரைச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஒரு நோவும் இருக்கவில்லை என்று சத்தியமும் பண்ணுவார்கள்.